ஆசிட் ஊற்றுவதற்கு முன் ஒரு துண்டை உடைத்தெடுத்துப் பாருங்கள்

கேள்வி: சார், கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். எங்கள் டொலுயீன் கண்டென்சர் (டொலுயீன் என்ற கரைப்பானின் ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கருவி) முன்பெல்லாம் வருஷம் ஒரு முறைதான் அடைக்கும். இப்போது நாலு மாதம்கூடத் தாங்குவதில்லை. ஷெல்லில், அதாவது வெளிக்கூட்டில், டொலுயீன் ஆவி, அதற்குள் ஓடும் டியூபில் கூலிங் டவர் தண்ணீர். 150 டியூப், எஸ்.எஸ். 304, 19 மி.மீ., 3 மீட்டர் நீளம், இரண்டு பாஸ் (தண்ணீர் பாதி டியூபில் போய் மீதி டியூபில் திரும்பும்). போரிலிருந்தும் லாரியிலிருந்தும் வரும் தண்ணீர்தான் டவருக்குப் போகிறது. காண்ட்ராக்டர் 500 லிட்டர் டேங்கில் ஒரு 35 லிட்டர் கேன் ஹைட்ரோகுளோரிக் ஆசிடைக் கலந்து ஆறு மணி நேரம் சுற்றவிட்டுப் போவார். போன தடவைக்குப் பிறகு இரண்டு டியூப் லீக் ஆகி பிளக் அடித்தோம். வரும் ஞாயிறு மறுபடி ஆசிட் வாஷ் என்கிறார் மேனேஜர். பாசியும் போகட்டும் என்று கொஞ்சம் ஹைப்போ சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் காண்ட்ராக்டர். ஆசிட் நல்லதா, ஜெட்டிங் (அதிக அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது) நல்லதா? எத்தனை மணி நேரம் ஓட வேண்டும்? பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பி, உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால் அந்த ஹைப்போ விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை நீங்கள் படித்தாக வேண்டும்.

ஹைப்போ என்கிற சோடியம் ஹைப்போகுளோரைட்டும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கண்ணை எரிக்கும், தொண்டையை அடைக்கும், அளவு கூடினால் நுரையீரலில் நீர் கோத்து ஆளைக் கொல்லும். காற்றைவிடக் கனமானதால் பம்ப் இருக்கும் பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். காண்ட்ராக்டரின் ஆள் குனிந்து நிற்கும் இடமும் அதுதான். எந்த ஆசிடாக இருந்தாலும் சரி, ஹைப்போவை அதன் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கூலிங் டவரில் தினமும் ஹைப்போ டோஸிங் இருக்கும். கண்டென்சரில் நிற்கும் அந்தத் தண்ணீரை வடித்து, நல்ல தண்ணீரால் அலசிய பிறகுதான் ஆசிட் உள்ளே போகலாம். பாசிக்கு வைத்தியம் செய்ய வேண்டிய இடம் டவர். அதை அங்கே தனியாக, வேறொரு நாளில் செய்யுங்கள்.

அடுத்தது, எஸ்.எஸ். 304 டியூபில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். எவ்வளவு இன்ஹிபிட்டர் (ஆசிட் உலோகத்தை அரிக்காமல் தடுக்கும் மருந்து) போட்டாலும் இது கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு தோல். குளோரைடு அந்தத் தோலை அங்கங்கே ஓட்டை போடும். வெளியிலிருந்து பார்த்தால் டியூப் பளபளவென்றுதான் இருக்கும். ஊசிமுனை அளவுக்கு ஒரு குழி மட்டும் சுவரைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும். டியூப்களின் முனையைச் செருகியிருக்கும் டியூப் ஷீட் தகட்டின் இடுக்கிலும் படிவத்துக்கு அடியிலும் ஒளிந்துகொண்ட குளோரைடு, எத்தனை அலசினாலும் முழுசாக வெளியே வராது. பிறகு டொலுயீன் ஆவி 110 டிகிரியில் வந்து டியூபைச் சூடாக்கும்போது அதே குளோரைடு விரிசலையும் உண்டாக்கும். நீங்கள் பிளக் அடித்த இரண்டு டியூபும் இப்படிப் போனவைதான் என்று கடிதத்தை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது. அந்தக் காண்ட்ராக்டர் கார்பன் ஸ்டீல் டியூபில் செய்து பழகியவராக இருக்கலாம். அதில் இன்ஹிபிட்டரோடு ஹைட்ரோகுளோரிக் ஓட்டுவது பழைய வழக்கம்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆசிடா, ஜெட்டிங்கா? உள்ளே என்ன படிந்திருக்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் இல்லை. உங்கள் கடிதத்தில் எல்லா விவரமும் இருக்கிறது, படிவம் என்ன நிறம் என்பது மட்டும் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு பக்க கவரையும் கழற்றாமல், இன்லெட்டிலும் அவுட்லெட்டிலும் ஹோஸ் மாட்டி ஆசிட் ஓட்டினால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

கவரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் ஆவி நுழையும் பக்கமும் தண்ணீர் சூடாகி வெளியேறும் பக்கமும்தான் அதிகம் சுடும், அங்கே பாருங்கள். கால்சியம் கார்பனேட்டின் குணம் சர்க்கரைக்கு நேரெதிர். தண்ணீர் சூடாக ஆகக் கரைதிறன் குறையும், அதனால் சூடான சுவரில்தான் முதலில் ஒட்டும். ஒரு ஸ்க்ரூடிரைவரால் நாலைந்து துண்டு உடைத்தெடுத்துப் பாலிதீன் கவரில் போட்டு, எந்த டியூப், எந்தப் பக்கம் என்று எழுதி லேபுக்குக் கொடுங்கள்.

லேபில் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஃப்யூம் ஹூடுக்குள் நீர்த்த ஆசிட் இரண்டு சொட்டு விடச் சொல்லுங்கள். நுரைத்துப் பொங்கினால் கார்பனேட். பக்கத்தில் லெட் அசிடேட் தாளைப் பிடிக்கும்போது அது கறுத்தால் சல்ஃபைடு. அப்படியானால் ஆசிட் வாஷ் பேச்சையே நிறுத்துங்கள், ஏனென்றால் வெளிவருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷ வாயு. அழுகிய முட்டை வாசனை வருகிறதா என்று மூக்கை வைத்துப் பார்க்கும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். 100 பி.பி.எம். அளவிலேயே அந்த வாயு மூக்கை மரத்துப்போக வைத்துவிடும், வாசனை நின்றதும் வாயுவும் போய்விட்டது என்று ஆள் நினைத்துக்கொள்வான். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு ஆக்சைடு. கரண்டியில் வைத்துச் சுட்டால் கருகி, முடி எரிந்த வாசனை வருகிறதென்றால் பாசி, கிருமிக் கூழ். ஆசிடில் கிடந்தும் அசையாமல் இருந்தால் ஜிப்சமோ சிலிக்காவோ இருக்கும். ஜிப்சத்தைச் சூடான சோடா ஆஷ் கரைசலில் ஊறவைத்துக் கார்பனேட்டாக மாற்றிய பிறகு கரைக்கலாம். சிலிக்காவைக் கரைக்க ஹைட்ரோஃப்ளூரிக் வகை ஆசிட் வேண்டும். உங்கள் இடத்தில் அதைத் தொடவே வேண்டாம், ஜெட்டிங்தான்.

இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். காயவைத்த படிவம் 10 கிராம் எடுத்து, 5 சதவீத சல்ஃபாமிக் ஆசிட் அரை லிட்டரில் போட்டு, 50 டிகிரி அளவில் சில மணி நேரம் கிளறுங்கள். வடிகட்டிக் காயவைத்து எடை போடுங்கள். மிச்சம் 1 கிராம் என்றால் ஆசிட் வேலை செய்யும். மிச்சம் 6 கிராம் என்றால் காண்ட்ராக்டருக்கு ஆசிட் காசு கொடுப்பது வீண்.

போர் தண்ணீர் என்பதால் பெரும்பாலும் கார்பனேட்டும் கொஞ்சம் சேறும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். 19 மி.மீ. டியூபின் உள்விட்டம் கிட்டத்தட்ட 15.8 மி.மீ. இருக்கும். 150 டியூபின் உள்பரப்பு சுமார் 22 சதுர மீட்டர். அரை மி.மீ. படிவம் என்றால் 11 லிட்டர் கன அளவு, எடை 28 கிலோ அளவில் வரும். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க 73 கிராம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் செலவாகும். கடையில் கிடைக்கும் 30 சதவீத ஆசிட் 35 லிட்டர் கேனில் உண்மையான ஆசிட் 12 கிலோதான். அது 16 கிலோ படிவத்தைக் கரைத்துவிட்டுச் செத்துப்போகும். மீதி 12 கிலோ டியூபிலேயே இருக்கும். ஆறு மணி நேரத்தில் பாதி நேரம் உப்புத் தண்ணீர் சுற்றியதைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

அடைத்த டியூபில் ஆசிட் போகாது என்பது இன்னொரு பக்கம். பம்ப் தள்ளுகிற ஆசிட் வழி இருக்கும் டியூபிலேயே திரும்பத் திரும்ப ஓடும். ஏற்கெனவே சுத்தமான டியூப் அரிபடும், அடைத்த டியூப் அப்படியே கிடக்கும். மிச்சம் நிற்கும் சொரசொரப்பான படிவத்தின் மேல் புதுப் படிவம் சீக்கிரம் பிடிக்கும். வருஷம் ஒரு முறை என்றிருந்தது நாலு மாதம் ஆனதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

அரை மி.மீ. என்றால் சும்மா தூசு மாதிரித்தானே என்று மேனேஜர் கேட்கலாம். ஹீட் எக்ஸ்சேஞ்சர் டிசைனுக்கு எல்லோரும் பார்க்கும் டெமா (எக்ஸ்சேஞ்சர் தயாரிப்பாளர் சங்கம்) தரத்தில், ட்ரீட் செய்த கூலிங் டவர் தண்ணீருக்கு விடச் சொல்லும் அழுக்கு அலவன்ஸ் 0.00018 அளவுதான் (சதுர மீட்டர், கெல்வின், வாட் கணக்கில்). அரை மி.மீ. கார்பனேட் படிவம் ஒன்று மட்டுமே 0.0002ஐத் தாண்டிவிடும். கண்டென்சர் வாங்கும்போது அழுக்குக்கென்று சேர்த்துக் கொடுத்த பரப்பு முழுவதும் அந்த மெல்லிய தோலிலேயே தீர்ந்துவிடுகிறது.

அதனால் என் யோசனை இதுதான். உங்கள் டியூப்கள் நேர் டியூப்கள், 150தான், கவர் கழற்ற வருகிறது. முதலில் கையால் வேலை செய்யுங்கள். நீளக் கம்பியில் நைலான் பிரஷ் மாட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே ஒவ்வொரு டியூபாக இழுத்தால் சேறும் பாசியும் போய்விடும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அது எஸ்.எஸ்.மேல் இரும்புத் துகளைத் தேய்த்துவிட்டுப் போகும், பிறகு அந்த இடத்தில் துரு பிடிக்கும். பிரஷ்ஷுக்கு அசையாத கெட்டிப் படிவத்துக்கு ஜெட்டிங் கூப்பிடுங்கள். ஒரு டியூபில் லான்ஸ் (ஜெட் தண்ணீரைப் பீய்ச்சும் நீளக் குழாய்) விட்டு எடுத்ததும் மறுமுனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சுவர் உலோக நிறத்தில் தெரிய வேண்டும். தெரிந்தால் அதே பிரஷரில் மற்றதையும் முடிக்கலாம்.

ஜெட்டிங்கில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பிரஷர் 500 பாருக்கு மேல் போகும். சைக்கிள் கழுவும் தண்ணீர் மாதிரித் தெரியும், ஆனால் தோலைக் கிழித்து உள்ளே புகும். பல வருஷத்துக்கு முன் ஒரு ஷட்டவுனில் காண்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர், லான்ஸ் டியூபை விட்டுப் பின்னால் எகிறியதில் இடது கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். உள்ளங்கையில் கொசு கடித்த அளவுக்கு ஒரு ஓட்டை, ரத்தம்கூட ஒழுங்காக வரவில்லை. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார். நானும் பார்த்துவிட்டுப் பேசாமல்தான் நின்றேன். சாயங்காலத்துக்குள் கை மணிக்கட்டு வரை வீங்கிவிட்டது. அந்த ஓட்டைக்குப் பின்னால் அழுக்குத் தண்ணீர் தசை வழியே எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது ராத்திரி ஆபரேஷன் தியேட்டரில்தான் தெரிந்தது. அவருக்கு இரண்டு விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. ஆகவே லான்ஸ் பின்னால் வராமல் தடுக்கும் அமைப்பு, காலை எடுத்தால் பிரஷர் இறங்கும் பெடல், மறுமுனையில் ஆள் நிற்காமல் தடுக்கும் வேலி இந்த மூன்றும் இல்லாத காண்ட்ராக்டரை கேட்டிலேயே திருப்பி அனுப்புங்கள். காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரி, அதுவும் "ஜெட் தண்ணீர் பட்ட காயம்" என்று எழுதிய சீட்டோடு.

இவ்வளவுக்கும் பிறகு கார்பனேட் மிச்சம் இருந்தால்தான் ஆசிட். அதற்கு சல்ஃபாமிக் எடுங்கள். தூளாக வரும், தூக்குவது சுலபம், குளோரைடு கிடையாது. ஆனால் டெக்னிக்கல் கிரேடில் கலப்படம் இருக்கக்கூடும் என்பதால் குளோரைடு எவ்வளவு என்று டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் கேளுங்கள். கந்தக அமிலத்தைத் தொடாதீர்கள், கார்பனேட்டை ஜிப்சமாக மாற்றி வேறு தலைவலியைக் கொடுக்கும்.

ஆனால் முதல் வேலை லீக் டெஸ்ட். ஏற்கெனவே இரண்டு டியூப் போன கண்டென்சர் இது. மூன்றாவது ஒன்று ஓட்டையாக இருந்தால் நீங்கள் ஓட்டும் ஆசிட் ஷெல்லுக்குள் போய், அங்கிருந்து டொலுயீன் ரிசீவருக்குப் போகும். ஷெல்லிலிருந்து டொலுயீனை முழுக்க வடித்து, நைட்ரஜன் விட்டு, கேஸ் டெஸ்ட் பார்த்து, லைன்களில் பிளைண்டு (குழாயை அடைக்கும் தகடு) போட்டு, ஷெல்லில் தண்ணீர் நிரப்பிப் பிரஷர் ஏற்றி, இரண்டு டியூப் ஷீட்டையும் துடைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். எந்த டியூபிலிருந்து சொட்டு வருகிறதோ அதற்கு பிளக் அடியுங்கள். வால்வை மூடிவிட்டோம் என்பது பிளைண்டுக்குச் சமம் ஆகாது.

இதை இத்தனை அழுத்திச் சொல்லக் காரணம் அமெரிக்காவில் ஹூஸ்டன் குட்இயர் ஆலையில் 2008 ஜூன் 11 அன்று நடந்தது. செயற்கை ரப்பர் செய்யும் இடம். எக்ஸ்சேஞ்சரின் ஷெல்லில் திரவ அம்மோனியா. முந்தின நாள் ரப்ச்சர் டிஸ்க் (அழுத்தம் கூடினால் கிழிந்து வழிவிடும் தகடு) மாற்றுவதற்காக, அதிக அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வுக்குப் போகும் வழியை மூடினார்கள். டிஸ்க்கை மாற்றிய பிறகு அந்த வால்வைத் திறக்கவில்லை. மறுநாள் காலை ஷிஃப்டுக்கு அது தெரியாது. டியூப் பக்க லைனைக் கழுவ ஸ்டீம் விட்டார்கள், அம்மோனியா பிரஷர் கன்ட்ரோல் வால்வுப் பக்கத்தையும் மூடிவிட்டார்கள். ஸ்டீம் டியூப் வழியே போய் ஷெல்லில் இருந்த அம்மோனியாவைச் சூடாக்கியது. பிரஷருக்கு வெளியேற ஒரு வழியும் இல்லாமல் எக்ஸ்சேஞ்சர் வெடித்தது. ஒரு பெண் ஊழியர் இறந்தார். ஆள் கணக்கெடுப்பில் எல்லோரும் வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டதால் அவர் உடலைச் சில மணி நேரம் கழித்துத்தான் கண்டார்கள். அவர்கள் செய்துகொண்டிருந்த வேலை என்ன? லைனைக் கழுவியதுதான். உங்கள் ஷெல்லில் டொலுயீனை அடைத்து வைத்துக்கொண்டு டியூபில் சூடான ஆசிட் ஓட்டினாலும் இதே கதையின் சின்ன வடிவம்தான். ஒரு பக்கம் சூடு போகும்போது மறுபக்கம் காலியாக, வென்ட் திறந்து இருக்க வேண்டும்.

ஆசிட் ஓட்டும்போது அடி நாசிலில் உள்ளே விட்டு மேல் நாசிலில் வெளியே எடுங்கள். 28 கிலோ படிவம் கரைந்தால் ஏழு கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கார்பன் டை ஆக்சைடு வரும், அது மேலே போக வழி வேண்டும். டேங்கைத் திறந்த வெளியில் வையுங்கள். தண்ணீரில் முதலில் இன்ஹிபிட்டர், கலந்த பிறகு ஆசிட், இந்த வரிசை மாறக்கூடாது. டியூபுக்கு இல்லாவிட்டாலும் தண்ணீர் நுழையும் முனையிலுள்ள கார்பன் ஸ்டீல் சேனல் பாக்ஸுக்கு இன்ஹிபிட்டர் தேவை. வெப்பம் 55 டிகிரியில் நிற்கட்டும். 60ஐத் தாண்டினால் சல்ஃபாமிக் தானாகவே சிதையத் தொடங்கும். ஒரு கிலோ படிவத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிலோ சல்ஃபாமிக் தேவை. 500 லிட்டர் டேங்கில் 5 சதவீதம் என்றால் 25 கிலோதான் பிடிக்கும். 28 கிலோவும் படிவமாகவே இருந்தால் இரண்டு தடவைக்கு மேல் ஆசிட் மாற்ற வேண்டி வரும். பிரஷ்ஷும் ஜெட்டும் முதலில் என்று சொன்னதன் அர்த்தம் இப்போது புரியும்.

எத்தனை மணி நேரம் என்று கேட்டீர்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், பியூரெட்டைப் பாருங்கள். அரை மணிக்கு ஒரு தடவை சாம்பிள் எடுத்துக் பியூரெட்டிலிருந்து காஸ்டிக் விட்டு டைட்ரேட் செய்து ஆசிட் வலுவை அளந்து பாருங்கள். ஆசிட் வலு இறங்கிக்கொண்டே வந்தால் உள்ளே இன்னும் படிவம் இருக்கிறது. 2 சதவீதத்துக்குக் கீழே போனால் புது ஆசிட் சேருங்கள். தொடர்ந்து மூன்று சாம்பிளில் ஒரே வலு நின்றால் வேலை முடிந்தது. அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட ஓட்ட வேண்டாம், அதன் பிறகு ஆசிட் தின்பது உங்கள் உலோகத்தை. டேங்கில் 304 துண்டு ஒன்றையும் கார்பன் ஸ்டீல் துண்டு ஒன்றையும் எடை போட்டுத் தொங்கவிடுங்கள். முடிந்ததும் மறுபடி எடை போட்டால் எவ்வளவு அரிபட்டது என்று காண்ட்ராக்டரிடம் பேச ஆதாரம் இருக்கும். பிறகு வடித்து, அலசி, 1 சதவீத சோடா ஆஷ் ஓட்டி, மறுபடி அலசுங்கள். கடைசி அலசல் டி.எம். (உப்பு நீக்கிய) தண்ணீராக இருந்தால் நல்லது. செத்த ஆசிட் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இ.டி.பி.க்குத்தான் போக வேண்டும், மழைநீர் வாய்க்காலுக்கு அல்ல.

இப்போது அந்த இன்னொரு காரணம். நான் திருப்பிக் கேட்டு எழுதியதற்கு, கண்டென்சருக்கு மணிக்கு 40 கன மீட்டர் தண்ணீர் போவதாகவும், மற்ற கண்டென்சர்களுக்குப் பற்றவில்லை என்று அவுட்லெட் வால்வைப் பாதி மூடி வைத்திருப்பதாகவும் பதில் அனுப்பியிருந்தீர்கள். ஒரு பாஸுக்கு 75 டியூப். கணக்குப் போட்டால் டியூபில் தண்ணீரின் வேகம் நொடிக்கு 0.75 மீட்டர். ஒரு மீட்டருக்குக் கீழே போனால் சேறு ஓடாமல் உட்கார ஆரம்பிக்கும். தண்ணீர் மெதுவாகப் போவதால் அதிகம் சூடாகும், டியூப் சுவரும் சூடாகும், கார்பனேட்டும் வேகமாகப் பிடிக்கும். வேகம் 1.5 மீட்டர் வேண்டுமானால் மணிக்கு 80 கன மீட்டர் போக வேண்டும். கண்டென்சர் அடைத்துக்கொள்வதால் தண்ணீர் பற்றவில்லை, தண்ணீர் பற்றவில்லை என்று வால்வை மூடுவதால் கண்டென்சர் அடைக்கிறது. எந்த ஆசிடும் இந்தச் சுழலை உடைக்காது.

தண்ணீர் ட்ரீட்மென்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது கெமிக்கல் சப்ளையர் வாரம் ஒரு முறை வந்து பார்க்க வேண்டிய வேலை. டவர் தண்ணீரின் ஹார்ட்னஸ், ஆல்கலினிட்டி, பி.எச். மூன்றையும் வைத்து லாங்கலியர் இண்டெக்ஸ் (தண்ணீர் படிவம் பிடிக்குமா என்று காட்டும் எண்) போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 1936இலிருந்து இருக்கும் கணக்கு, அது தெரியாத சப்ளையர் வேண்டாம். லாரித் தண்ணீர் ஒவ்வொரு லோடும் ஒரு மாதிரி இருக்கும். லோடு இறங்கும்போதே கண்டக்டிவிட்டி பார்த்து எழுதி வைத்தால் ப்ளோடவுனை (டவரிலிருந்து வடித்துவிடும் தண்ணீரின் அளவை) அதற்கேற்ப மாற்றலாம்.

வால்வை முழுசாகத் திறந்ததும் மற்ற கண்டென்சர்களில் பிரஷர் விழும் என்று ஆபரேட்டர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான், அது பம்ப்பின் குறை. கூலிங் வாட்டர் பம்ப்பின் நேம்பிளேட்டில் உள்ள கொள்ளளவு, ஹெட், மோட்டார் கிலோவாட், இப்போது டிஸ்சார்ஜ் கேஜ் காட்டும் பிரஷர், மோட்டார் இழுக்கும் ஆம்பியர் இவற்றைக் குறித்து அனுப்புங்கள். சக்ஷன் ஸ்ட்ரெய்னரைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.